எந்த ஈயம்?

நினைவு மலர் ஒண்டு போடுகினமாம். பொருளாதாரத் தடைக்காலத்திலை எங்கடை பகுதியிலை இயந்திரங்களை ஓட வைச்ச ஆக்களின்ரை அனுபவங்களைச் சேர்க்கினமாம். ஒரு சாதனைக் கட்டுரை எழுதித் தாங்கோ எண்டு பொறியியல் படிப்பிக்கிற பிள்ளையொண்டு மூண்டு தரம் வீட்டை வந்திட்டுது. முதல் தரம் தேத்தண்ணி குடுத்து அனுப்பினன். ரண்டாந்தரம் கண்ணிலை வருத்தம் எண்டு சொல்லித் தப்பினன். மூண்டாந்தரம் அது விடேல்லை. "அன்ரி, நீங்கள் அப்ப செய்ததுக்கு இப்ப ஒரு துறையே இருக்கு. உராய்வும் தேய்வும் எண்டு ஆராய்ச்சியே செய்யினம். ஒரு துளி எண்ணெயை மெசினிலை விட்டால் அதிலை என்னென்ன மூலகம் எவ்வளவு கிடக்கெண்டு ஒரு நிமிசத்திலை அடிச்சுத் தரும்" எண்டுது. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. ஆர்மேலை எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளைமேலை இல்லை.

சாதனை எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. மண்ணெண்ணெயிலை கார் ஓடினது, முடிஞ்சு போன ரோச் பற்றறிக்குள்ளை இருக்கிற கரிக்குச்சியை அரைச்சுத் தேங்காயெண்ணெயிலை குழைச்சுச் சைக்கிளுக்குக் கிறீஸ் ஆக்கினது, உதெல்லாம் இப்ப பகிடியாய்ச் சொல்லுகினம். நானும் சொல்லியிருக்கிறன். கலியாண வீட்டிலை எடுத்து விட்டால் நாலு பேர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து கேப்பினம். ஆனால் பேனையைப் பிடிச்சால் எனக்கு வாறது ஒரேயொரு கதைதான். அதை மலரிலை போடுறதோ கிழிச்சு எறியிறதோ அவையின்ரை பாடு.

நான் உடுப்பிட்டிப் பக்கம். எண்பத்து மூண்டிலை, ரசாயனம் படிச்ச துணிவிலை, ஒரு தொழிற்சாலையின்ரை ஆய்வுகூடத்திலை உதவியாளராய்ச் சேர்ந்தனான். ஆறு மாசம் போத்தல் கழுவினன். அடுத்த ஆறு மாசம் தராசு துடைச்சன். அதுக்குமேலை பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை. அந்த வருசம் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலை எல்லாத்தையும் விட்டிட்டு ஒரு சூட்கேசோடை ஊருக்கு வந்தவர் நவரத்தினம் ஐயா. அவர்தான் எங்கடை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாய் வந்தார்.

ஐயாவுக்கு ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும், கேட்ட ஆள் அதைத் திருப்பிச் சொல்லவேணும். "ஓம் ஐயா, விளங்குது" எண்டால் ஆளுக்குக் கோவம் வந்திடும்.

"விளங்கினது உமக்கு. என்ன விளங்கினதெண்டு எனக்கெல்லோ தெரியவேணும். திருப்பிச் சொல்லும்."

கன்ரீன்காரர் தேத்தண்ணி கொண்டுவந்தாலும் விடார். "பாலில்லை, சீனி அரைக் கரண்டி, திருப்பிச் சொல்லும்." தன்ரை மகளின்ரை கலியாணத்திலை ஐயரைக் கூட மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னவராம் எண்டு நாங்கள் முதுகுக்குப் பின்னாலை சிரிப்பம். சிரிச்சாலும் அவற்றை ஆய்வுகூடத்திலை ஒரு போத்தல் மாறினதில்லை, ஒரு சொல் மாறினதில்லை. குரலை உயத்தமாட்டார். பக்கத்திலை வந்து நிண்டு எங்கடை கையைப் பாப்பார்.

எண்ணெய் பாக்கிறதை எனக்குக் காட்டித் தந்தது அவர்தான். ஓடின எஞ்சினிலை இருந்து ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் எடுக்கிறது. எஞ்சின் சூடாய் இருக்கேக்கை எடுக்கவேணும், ஆறினால் தேய்ஞ்ச தூளெல்லாம் அடியிலை படிஞ்சு போம். ஒரு துளியை ஒற்றுத்தாளிலை விட்டு, அது எப்பிடிப் பரவுதெண்டு பாக்கிறது. மிச்சத்தை மூசைக் கிண்ணத்திலை எரிச்சுச் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்திலை கரைச்சு, என்ன உலோகம் கிடக்கெண்டு பாக்கிறது. இரும்பு கூடினால் சிலிண்டர் தேயுது. செம்பு கூடினால் தண்டு சுழலுற புஷ் தேயுது. மண் கிடந்தால் காத்து வடிகட்டி கிழிஞ்சு போச்சு. மனிசருக்கு ரத்தம், சலம் சோதிக்கிற மாதிரித்தான். எஞ்சினைக் கழட்டாமல் அதுக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லிப்போடலாம். எனக்கு அதிலை ஒரு தலைக்கனமும் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

தொண்ணூறிலை தொழிற்சாலை நிண்டுபோச்சு. சனம் இடம்பெயர்ந்து சிதறிப் போச்சு. ஐயா ரண்டு பெட்டி கண்ணாடிச் சாமானோடை உடுப்பிட்டிக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தின்ரை பின்னறையைக் கேட்டு வாங்கி, அங்கை எண்ணெய் பாக்கத் துவங்கினார். என்னைக் கூப்பிட்டார், போனன். தோட்டத்துத் தண்ணி பம், மினிபஸ், அரிசி மில் எண்டு எல்லாம் எங்களிட்டைத்தான் வரும். பள்ளிக்கூடத்திலை இருந்தபடியால் சனம் என்னை "ரீச்சர்" எண்டு கூப்பிடப் பழகிப்போட்டுது. ஒரு நாளும் ஒரு பிள்ளைக்கும் நான் படிப்பிச்சதில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுது.

தொண்ணூற்றிரண்டிலைதான் அந்த ஜெனறேற்றர் வந்தது. வந்ததெண்டால் நாங்கள்தான் அதிட்டைப் போனம். வடமராட்சியிலை ஒரு சின்ன ஆசுப்பத்திரி, பேர் வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் ஒரு டொக்ரர் வந்து ஒப்பரேசன் செய்வார். கறண்ட் இல்லாத காலம். தியேட்டர் லைற்றுக்கும், கருவி அவிக்கிறதுக்கும், ஊசி மருந்து வைக்கிற ஃபிரிஜ்ஜுக்கும் ஒரேயொரு பழைய எஞ்சின். அதை ஓட்டினவர் தம்பிராசா. ஐம்பது வயசிருக்கும், ஒல்லி ஆள், எஞ்சினைக் "கிழவி" எண்டுதான் சொல்லுவார். "கிழவி முக்கிறாள் ரீச்சர், ஒருக்கா வந்து பாருங்கோ" எண்டு எண்ணெய்ப் போத்தலோடை வந்தார்.

நான் பாத்தன். வெள்ளீயம் ஏறியிருந்தது. சுழல்தண்டைப் பிடிச்சிருக்கிற பெயறிங்குக்கு உள்ளாலை ஒரு வெள்ளை உலோகப் பூச்சு இருக்கும், அதுதான் தேயுது. கழட்டிப் பாத்தால் நான் சொன்னபடி பாதி போயிட்டுது. புதுசு வாங்கக் கொழும்புக்கு ஆளனுப்பினாலும் சோதனைச் சாவடி தாண்டி வராது. பழைய பெயறிங்கிலையே புதுசாய் உலோகம் உருக்கி ஊத்தவேணும்.

அதுக்கு வல்வெட்டித்துறையிலை மயில்வாகனம் எண்டு ஒருவர் இருந்தார். கடலோடிக் குடும்பம். மீன்பிடி போட்டுக்கு வேண்டிய புஷ், பெயறிங், வலைக்குக் கட்டிற குண்டு எல்லாம் வார்ப்பார். மயிலண்ணை எண்டால் அந்தக் கரையிலை தெரியாத ஆள் இல்லை. அவருக்கு இந்த வேலையிலை வேறை அக்கறையும் இருந்தது. அவற்றை மனிசி பூமணிக்குக் கர்ப்பப்பையிலை கட்டி. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அதே ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசன் லிஸ்ரிலை அவவின்ரை பேர் இருந்தது. எஞ்சின் ஓடினால் ஒப்பரேசன். தம்பிராசா விசயத்தைச் சொன்னவுடனை, "சல்லிக்காசு வேண்டாம், உலோகக் கணக்கை மட்டும் எழுதித் தரச் சொல்லு" எண்டு சொல்லி அனுப்பினவராம்.

கணக்குப் போட்டது ஐயா. எண்ணெய்தான் அவற்றை பிரச்சினை. நல்ல எஞ்சின் எண்ணெய் முடிஞ்சு, பழைய எண்ணெயை மணலிலை வடிச்சு, இலுப்பெண்ணெய் கலந்து ஓடின காலம். இலுப்பெண்ணெய் சூடேறச் சூடேறப் புளிக்கும். அந்தப் புளிப்பு காரீயத்தை அரிச்சுச் சவர்க்காரம் மாதிரி ஆக்கிப்போடும். வெள்ளீயத்தை அவ்வளவு கெதியிலை தொடாது. வேலை நேரத்திலை ஐயாவுக்கு இங்கிலிசுப் பேர்தான் வாயிலை வரும், வெள்ளீயம் ரின், காரீயம் லெட்.

"ரின் தொண்ணூறு பங்கு. அந்திமனி ஏழு. செம்பு மூண்டு. லெட் கிட்டவும் வரக்கூடாது. திருப்பிச் சொல்லும்."

"ரின் தொண்ணூறு, அந்திமனி ஏழு, செம்பு மூண்டு. லெட் கூடாது" எண்டன்.

"சரி. வார்க்கிற ஆளுக்கு எழுதிக் குடும். அவரையும் திருப்பிச் சொல்ல வையும்."

அந்திமனிக்கு எங்கை போறது? ஐயா நாட்டு மருந்துக் கடைக்கு என்னை அனுப்பினார். கண்ணுக்கு மை கூட்டிற அஞ்சனக்கல் இருக்கே, அதுக்குள்ளை கிடக்கிறது அந்திமனிதான். அதை உரலிலை இடிச்சு, இரும்புத்தூள் கலந்து, மூசையிலை போட்டுச் சிரட்டைக் கரி நெருப்பிலை ஊதினம். இரும்பு கந்தகத்தை எடுத்துக்கொள்ள, அடியிலை பளபளவெண்டு அந்திமனி இறங்கிச்சுது. அதை உடைச்சுப் பாத்து நான் துள்ளிக் குதிச்சன். மலர்க்காரப் பிள்ளை கேக்கிற சாதனை இதுதான் போலை. இதோடை நிப்பாட்டியிருந்தால் நல்ல கட்டுரை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்திமனியையும் செம்புக் கம்பியையும் ஒரு பொட்டலமாய்க் கட்டிப்போட்டு, மயிலண்ணைக்குத் துண்டு எழுத இருந்தன். முதல் "வெள்ளீயம் தொண்ணூறு பங்கு" எண்டுதான் எழுதினன். எழுதிப்போட்டுப் பாத்தன். வெள்ளீயம் எண்டது புத்தகச் சொல், கரையிலை வலைக்குண்டு வார்க்கிற ஆளுக்கு அது விளங்குமோ எண்டு ஒரு நினைப்பு வந்தது. எங்கடை வீட்டிலை பித்தளைப் பானைக்கு ஈயம் பூசுறது எண்டுதானே சொல்லுவம். பூசுறது வெள்ளீயம், சொல்லுறது ஈயம். அந்தாளுக்குச் சுகமாய் விளங்கட்டும் எண்டு துண்டைக் கசக்கி எறிஞ்சுபோட்டு, புதுத் துண்டிலை "ஈயம் தொண்ணூறு பங்கு" எண்டு எழுதினன். லெட் கூடாது எண்டதை எழுதவே இல்லை. ஈயம் எண்டு எழுதியாச்சு, பிறகு வேறை ஈயம் கூடாது எண்டு எழுதினால் அந்தாள் குழம்பும் எண்டு விட்டிட்டன். என்ன கெட்டித்தனம் பாருங்கோ.

நேரை போய்க் குடுத்துத் திருப்பிச் சொல்ல வைச்சிருக்கவேணும். வல்வெட்டித்துறைக்குச் சைக்கிள் மிதிக்கப் பஞ்சியாய் இருந்தது. தம்பிராசாவிட்டைக் குடுத்து விட்டன். அவர் இருட்ட முன்னம் திரும்பி வந்து, "குடுத்தாச்சு ரீச்சர். ஈயம் தன்னட்டைத் தாராளமாய்க் கிடக்காம்" எண்டார். எனக்கு நிம்மதி. சோப்புக்கும் நெருப்புப்பெட்டிக்கும் லைனிலை நிக்கிற நாளிலை ஒருத்தரிட்டை வெள்ளீயம் தாராளமாய்க் கிடக்குமோ எண்டு ஒரு கணம் யோசிக்கேல்லை. ஐயா கேட்டார், "திருப்பிச் சொன்னவரோ?" "ஓம் ஐயா" எண்டன்.

திங்கட்கிழமை வார்த்து, புதன்கிழமை பூட்டி, கிழவி ஓடத் துவங்கினாள். வெள்ளிக்கிழமை ரண்டு ஒப்பரேசன். தம்பிராசா வாயெல்லாம் பல்லாய் வந்து நிண்டார். "சத்தமே இல்லை ரீச்சர், பூனைக்குட்டி மாதிரி." அடுத்த செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நாள் குறிச்சாச்சு. வெள்ளிக்கிழமை லிஸ்ரிலை முதல் பேர் பூமணி.

சனிக்கிழமை எடுத்த எண்ணெய் ஒற்றுத்தாளிலை ஒரு சாம்பல் வளையம் காட்டினது. எனக்கு அது பிடிக்கேல்லை. புதுப் பெயறிங் பழகேக்கை அப்பிடித்தான் இருக்கும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். சொல்லிப்போட்டும் இருக்கேலாமல் ஞாயிறு முழுக்க வீட்டுக்குள்ளை நடந்தன். செவ்வாய் விடிய தம்பிராசாவின்ரை தங்கச்சி அடுத்த போத்தலைக் கொண்டுவந்து தந்திட்டுப் போனா. மூடியைத் திறந்தால் எண்ணெய் கூழாய்க் கிடந்தது, விரலுக்கு நடுவிலை வழுவழுவெண்டு சவர்க்காரம் மாதிரி.

எரிச்சன். சாம்பலிலை ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு, சூடாக்கி உலர்த்தி, தண்ணியிலை கரைச்சு வடிச்சன். பொற்றாசியம் அயடைட்டு அடிப்போத்தலிலை கொஞ்சந்தான் மிச்சம். ரண்டு துளி விட்டன்.

குழாய் முழுக்க மஞ்சள். கொன்றைப்பூ மஞ்சள். வெள்ளீயம் அப்பிடி மஞ்சளாய் இறங்காது. காரீயந்தான் இறங்கும். காரீயம் எங்கையிருந்து வந்தது எண்டு நான் என்னைக் கேக்க முதலே பதில் வந்திட்டுது. வலைக்குக் கட்டிற குண்டையும் கரை ஆக்கள் ஈயம் எண்டுதான் சொல்லுவினம். ஈயக்குண்டு. எங்கடை குசினிப் பானையிலை ஈயம் எண்டால் ஒண்டு, அவையின்ரை கரையிலை ஈயம் எண்டால் வேறொண்டு. நான் தொண்ணூறு பங்கு காரீயம் எழுதிக் குடுத்திருக்கிறன்.

ஐயா அண்டைக்கு நெல்லியடிக்குப் போயிருந்தார். நான் சைக்கிளை எடுத்தன். மூண்டு கட்டைத் தூரம். பாதி வழியிலை மேலையிருந்து சுடுற ஹெலி வந்தது, றோட்டிலை நிண்ட சனமெல்லாம் வேலிக்கரையிலை படுத்திட்டுது. ஆரோ, "விசரி, படடி" எண்டு கத்திச்சினம். நான் படுக்கேல்லை. தைரியம் எண்டு நினைக்காதேங்கோ. ஒப்பரேசன் ஒம்பது மணிக்கு, அது மட்டுந்தான் மண்டைக்குள்ளை கிடந்தது. எஞ்சினை நிப்பாட்டச் சொல்லவேணும், டொக்ரரைத் துவங்க வேண்டாம் எண்டு சொல்லவேணும்.

ஆசுப்பத்திரி வளவுக்குள்ளை போகேக்கை எஞ்சின் சத்தம் கேக்கேல்லை. நிப்பாட்டியிருக்கினம் எண்டு ஒரு கணம் சந்தோசப்பட்டன். கொட்டிலுக்குள்ளை போனால் புகையும் எரிஞ்ச நாத்தமும். தம்பிராசா நிலத்திலை குந்தியிருந்து கையைப் பிசையிறார். கிழவி இறுகிப்போனாள். பக்கத்திலை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஒருவர் எஞ்சினையே பாத்துக்கொண்டு நிண்டார். மயிலண்ணை. மனிசிக்கு வெள்ளிக்கிழமை என்ன கொண்டுவரவேணும் எண்டு நேஸ் பிள்ளையைக் கேக்க வந்த இடத்திலை நிண்டிருக்கிறார்.

தியேட்டருக்குள்ளை ஒரு மனிசனின்ரை வயிறு திறந்தபடி. ஒரு சைக்கிளை ஸ்ராண்டிலை நிப்பாட்டி, ஒரு ஊழியர் ஏறியிருந்து மிதிக்க, டைனமோ லைற் வெளிச்சத்திலை டொக்ரர் தைச்சு முடிச்சார். களைக்கக் களைக்க ஆளை மாத்தினவை. நானும் மிதிச்சன். அந்த மனிசன் பிழைச்சுது. அதை இப்பவும் கும்பிட்டுக்கொள்ளுறன்.

பின்னேரம் ஐயா வந்தார். பெயறிங்கைக் கழட்டி வெளிச்சத்திலை வைச்சுப் பாத்தார். உள்பூச்சு வழிஞ்சு ஒரு பக்கத்திலை கட்டியாய்க் கிடந்தது, தண்டிலை ஆழமாய்க் கோடு விழுந்திருந்தது. ஒரு துண்டைப் பிடுங்கி, சட்டைப் பையிலை இருந்த வெள்ளைக் கடதாசியிலை இழுத்தார். பென்சிலாலை கீறின மாதிரிக் கறுப்புக் கோடு. வெள்ளீயம் அப்பிடி எழுதாது.

"இது லெட்" எண்டார். பிறகு என்னைப் பாத்தார். "நீர் என்ன எழுதிக் குடுத்தனீர்?"

மயிலண்ணை எனக்கு நேரை நிண்டார். கையெட்டிற தூரம். தம்பிராசா நிண்டார், நேஸ் ஒருத்தி நிண்டா. எல்லாரும் என்ரை வாயைப் பாக்கினம்.

"வெள்ளீயம் எண்டுதான் எழுதினனான் ஐயா."

சொல்லிப்போட்டன். ஒரு மூச்சுத்தான் எடுத்தது. எழுதினன்தானே, முதல் துண்டிலை எழுதினன்தானே எண்டு உள்ளுக்கை ஒரு குரல் வக்காலத்து வாங்கிச்சுது. அந்தக் குரலை எனக்கு இண்டைக்கும் அடிக்கவேணும் போலை இருக்கும்.

ஐயா மயிலண்ணையின்ரை பக்கம் திரும்பினார். அவர் ஒரு கணம் என்னைப் பாத்தார். கோவமாய்ப் பாக்கேல்லை. அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடந்தது. பிறகு குனிஞ்சு, "என்ரை கை பிழைச்சுப் போச்சு ஐயா" எண்டார். "கெதியாய்த் திருத்திப்போடுவியளோ?"

ஐயா கொப்பியிலை "வார்ப்பிலை பிழை" எண்டு எழுதினார். இனிமேல் பெயறிங் வேலை அங்கை குடுக்க வேண்டாம் எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கெல்லாம் சொன்னார். ஐயா சொன்னால் சொன்னதுதான். அவற்றை சொல்லிலை ஒரு நாளும் பிழை இருந்ததில்லை எண்டு ஊருக்கே தெரியும். அந்த ஒரு முறைதான் பிழை, அதுவும் என்ரை பிழை.

தண்டிலை விழுந்த கோட்டைக் கையாலை உரஞ்சி எடுக்கிறதுக்கே நாலு கிழமை போச்சு. பானைக்கு ஈயம் பூசுற ஆக்களின்ரை வீடு வீடாய்த் திரிஞ்சு வெள்ளீயக் குச்சி சேர்த்தது நான்தான். காலை ஓயவிடாமல் ஓடினன், ஓடினால் யோசிக்கத் தேவையில்லை. வேறையொரு லேத்காரர் வார்த்தார். கிழவி திரும்ப ஓடினது ஏழாவது கிழமை. அதுக்கிடையிலை பூமணியை மண்ணெண்ணெயிலை ஓடுற வான் ஒண்டிலை யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவை. அங்கை காயப்பட்ட ஆக்கள் நிறைஞ்சு வழிஞ்ச நேரம். ரத்தமும் இல்லை, கட்டிலும் இல்லை, மூண்டு கிழமை கழிச்சு வரச் சொல்லி விட்டவை. அந்த மூண்டு கிழமை அவ தாங்கேல்லை. வீட்டிலைதான் செத்தவ. முதலே வெட்டியிருந்தால் பிழைச்சிருப்பாவோ எண்டு நான் டொக்ரரைக் கேட்டன். "சொல்லேலாது" எண்டார். பிழைச்சிருக்கமாட்டா எண்டு அவர் சொல்லேல்லை.

செத்தவீட்டுக்கு நான் போகேல்லை. காய்ச்சல் எண்டு சொன்னன்.

மூண்டு வருசம் அந்தப் பொய்யை மனசிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சன். நித்திரையிலை எழும்பி நடப்பன். வல்வெட்டித்துறைப் பக்கம் போற வேலை வந்தால் வேறை ஆளை அனுப்புவன். ஐயாவிட்டைச் சொல்லுவம் எண்டு எத்தினையோ தரம் வாய் எடுத்தன். அவர் தொண்ணூற்றி நாலிலை மகளிட்டை வெளிநாடு போட்டார். விமானச் சீட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு, அறைத் திறப்பை எங்கை வைக்கிறதெண்டு என்னைத் திருப்பிச் சொல்ல வைச்சிட்டுத்தான் போனார். அப்பவும் நான் சொல்லேல்லை.

தொண்ணூற்றி ஐஞ்சு துவக்கத்திலை ஒரு காலமை, ஏன் அண்டைக்கு எண்டு தெரியாது, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரை மயிலண்ணை வீட்டை போனன். படலையிலை நிண்டு கூப்பிட்டன். அவர் முத்தத்திலை இருந்து கயிறு திரிச்சுக்கொண்டிருந்தார். உலைக்கு மேலை தகரம் போட்டு மூடிக் கிடந்தது.

"ரீச்சரோ? என்ன படலையிலை நிக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ."

உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சாள். எங்கடை வீட்டு ஆக்கள் அந்தப் பக்கத்திலை ஒரு வீட்டிலும் வாய் நனைக்கமாட்டினம். நான் குடிச்சன். குடிச்சுப்போட்டுச் சொன்னன்.

"மயிலண்ணை, துண்டிலை நான் வெள்ளீயம் எண்டு எழுதேல்லை. ஈயம் எண்டுதான் எழுதினனான்."

"ஓம்" எண்டார். "வாசிச்ச எனக்குத் தெரியாதோ."

"அப்ப ஏன் அண்டைக்கு ஐயாவுக்குச் சொல்லேல்லை?"

"பூமணியின்ரை பேர் லிஸ்ரிலை கிடந்தது. உங்களோடை கொழுவிக்கொண்டால் எஞ்சினை ஆர் திருத்திறது?"

நான் அழத் துவங்கிட்டன். அவர் கையோடை கொண்டுவந்த கயிற்றைத் திரிச்சுக்கொண்டு இருந்தார். அழுகைக்குள்ளையும் என்ரை வாய் சும்மா கிடக்கேல்லை. "வெள்ளீயம் எண்டு எழுதியிருந்தால் உங்களுக்கு விளங்கியிருக்குமோ?" எண்டு கேட்டன்.

அவர் மெல்லமாய்ச் சிரிச்சார். "பத்து வயசிலையிருந்து ரண்டையும் உருக்கிறன் ரீச்சர். வெள்ளீயக் குச்சியை வளைச்சால் கிரீச்செண்டு கத்தும். காரீயம் கத்தாது. துண்டைப் பாத்தவுடனை எந்த ஈயம் எண்டுதான் யோசிச்சனான். பிறகு நினைச்சன், படிச்ச ஆக்கள், வெள்ளீயம் வேணுமெண்டால் வெள்ளீயம் எண்டெல்லோ எழுதியிருப்பினம். மகளின்ரை புத்தகத்திலையும் ஈயம் எண்டால் காரீயந்தான். போட்டு எஞ்சினுக்குக் காரீயம் ஊத்தி ஓடியுமிருக்கு. எண்டாலும் மனம் கேக்கேல்லை. ஒருக்காக் கேட்டிட்டு ஊத்துவம் எண்டு வந்தனான்."

"எங்கை வந்தனீங்கள்?"

"உங்கடை வீட்டை. சனிக்கிழமை பின்னேரம். படலைக்கு வெளியிலை நிண்டு கூப்பிட்டன். அம்மா வந்து என்னெண்டு கேட்டவ. ஈயம் விசயமாய் ரீச்சரை ஒரு சொல்லுக் கேக்கவேணும் எண்டன். உதிலை நில்லும் எண்டிட்டு உள்ளுக்குத் திரும்பிச் சொன்னவ. உங்கடை குரல் கேட்டது."

"நான் என்ன சொன்னனான்?"

அவர் கயிற்றைக் கீழை வைச்சார்.

"'இப்ப ஏலாது, பள்ளிக்கூடத்திலை வந்து கேக்கட்டும்' எண்டியள். அடுத்த நாள் ஞாயிறு, பள்ளிக்கூடம் பூட்டு. திங்கள் விடியத் தம்பிராசா வந்து நிண்டிட்டான்."

வீட்டை வந்து அம்மாவைக் கேட்டன். எந்தச் சனிக்கிழமை எண்டா. மூண்டு வருசத்துக்கு முந்தி, வல்வெட்டித்துறையிலை இருந்து ஒருவர் சைக்கிளிலை வந்தவர் எண்டன். அம்மா அரிசி கொழிச்சுக்கொண்டிருந்தவ, சுளகை நிப்பாட்டாமலே சொன்னா: "படலையிலை எத்தினை பேர் வந்து நிக்குங்கள். ஆரையெண்டு பிள்ளை ஞாபகம் வைக்கிறது?"

மயிலண்ணை நான் சொன்னதைச் சொல்லுச் சொல்லாய் வைச்சிருந்தார். எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பின்னேரம் தலை முழுகினனோ, படுத்திருந்தனோ, சும்மா குந்தியிருந்து கதைப்புத்தகம் வாசிச்சனோ, முப்பது வருசமாய்த் தேடிப் பாக்கிறன். ஒரு மனிசன் வந்து கூப்பிட்டதே என்ரை ஞாபகத்திலை இல்லை.